பாதியில நின்ன தையல் வேலை இருந்தா இந்தக் கடைக்குப் போங்க

பாண்டில நேரு வீதிய ஒட்டின சந்துல இருக்கற சின்ன நூல் கடை. அம்மா பாதியில விட்ட கிராஸ் ஸ்டிச் மயில், வருஷக்கணக்கா ஜன்னலோரமா கெடந்து வெளுத்துப்போச்சு, நூல்ல நம்பர் லேபிளும் இல்ல. கடைக்கார அக்கா துணிய திருப்பி பின்பக்கத்த பாத்தாங்க, "இதும்மா ஒரிஜினல் கலர்"னு சொல்லிட்டு வாசல் வெளிச்சத்துக்கு வந்து ஆங்கர் கம்பெனி நூல ஒவ்வொண்ணா வச்சு பாத்தாங்க, பழைய தையலுக்குப் பக்கத்துல வர்ற எடத்துக்கு மட்டும் ஒரு ஷேடு கம்மியா எடுத்துக் குடுத்தாங்க பாருங்க, அந்தப் பொறுமைக்கே அஞ்சு ஸ்டார். 14 கவுண்ட் துணிக்கு (இஞ்சுக்கு 14 கட்டம் வர்ற துணி) ஆறு இழைல ரெண்டு போதும், 8 மீட்டர் கட்டு நல்லா வரும்னும் சொன்னாங்க.

குரோஷா போர்வைக்கு உல்லன் நூல் அதே நம்பர் கெடச்சுது, லாட் வேற, அதாவது வேற தடவ சாயம் போட்டது, கலர் லேசா மாறும். புதுசையும் பழசையும் ரெண்டு ரெண்டு வரிசையா மாத்திப் போடச் சொன்னாங்க, இப்ப வித்தியாசமே தெரியல, அவ்ளோ சந்தோஷம் எனக்கு!

குரோஷா ஊசி மட்டும் எல்லா சைஸும் இல்ல. மத்தியானம் மூடிடுவாங்க, காலைலயே போங்க, துணிய கையோட எடுத்துட்டுப் போங்க.