உந்தலைச் சீராக்குவதாகச் சொல்லி வேக வரம்பை உடைக்கிறார்கள்: மின் மலை சைக்கிள் வைத்திருப்போர் கவனத்துக்கு

வேரும் கல்லும் நிறைந்த ஏற்றத்தில், குறுகிய வளைவில் மெதுவாகத் திரும்பும்போது, பெடலில் லேசாகக் கால் பட்டதுமே என் மின் மலை சைக்கிளின் மோட்டார் வெடுக்கென்று இழுத்து முன்சக்கரத்தைத் தூக்கிவிடும். இதைத் தணித்துத் தரும்படி ஒரு பழுதுபார்க்கும் கடையில் வண்டியை விட்டேன். மோட்டாரின் மென்பொருளையே மாற்றிவிட்டதாகச் சொல்லிப் பெருந்தொகை வாங்கிக்கொண்டார்கள்.

வளைவில் அந்த இழுப்பு அப்படியே இருந்தது. ஆனால் சமதளத்தில், மணிக்கு 25 கிலோமீட்டரில் துணையை (நாம் மிதிக்கும்போது கூடச் சேர்ந்து தள்ளுவதை) நிறுத்த வேண்டிய மோட்டார் அதற்கு மேலும் தள்ளிக்கொண்டே போனது. செல்பேசியின் ஜிபிஎஸ் காட்டிய வேகத்தில் ஏறக்குறைய பாதியைத்தான் வண்டியின் திரை காட்டியது. மோட்டார் மூடியைக் கழற்றிப் பார்த்தால், சக்கர வேக சென்சாரின் ஒயருக்கும் மோட்டாருக்கும் நடுவே, கறுப்பு இன்சுலேஷன் டேப் சுற்றிய சிறு பெட்டி ஒன்று செருகியிருந்தது. சக்கரம் மெதுவாகச் சுற்றுவதாக மோட்டாரை நம்பவைப்பது மட்டுமே அதன் வேலை. கால் அழுத்தத்தை அளக்கும் டார்க் சென்சாரை அது தொடுவதே இல்லை எனும்போது உந்தல் எப்படிச் சீராகும்? ஐரோப்பிய ஒன்றியத்தில் மோட்டார் வலு 250 வாட், துணை மணிக்கு 25 கிலோமீட்டர் வரை என்ற வரம்பைத் தாண்டும் வண்டி சட்டப்படி சாதாரண சைக்கிளாகக் கருதப்படாது. விபத்து நேர்ந்தால் காப்பீடும், பழுதானால் வாரன்ட்டியும் கைவிட்டுப் போகலாம். நான் கேட்காத இந்த ஆபத்தை என் வண்டியில் ஏற்றிவிட்டு, அதைப் பற்றி வாயே திறக்காததைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

என் வண்டியில் இருப்பது 2020இல் வெளிவந்த ஷிமானோ இபி8. 85 நியூட்டன் மீட்டர் டார்க் (சுழற்றும் விசை) தரும் மோட்டார். துணையின் வலு, உச்ச டார்க், துணை எவ்வளவு விரைவாகத் தொடங்க வேண்டும் என்பது ஆகிய மூன்றையும் அந்நிறுவனத்தின் இலவசச் செயலியான இ-டியூப் ப்ராஜெக்டில் தனித்தனியே மாற்றலாம். பெட்டியைக் கழற்றிவிட்டு, தொடக்கத்தை மென்மையான பக்கம் நகர்த்தி, உச்ச டார்க்கைச் சற்று இறக்கியதும், அதே வளைவில் வண்டி காலுக்குக் கட்டுப்பட்டு ஏறுகிறது. (பெடலில் கால் வைத்தபடி மோட்டாரை ஆன் செய்யாதீர்கள், டார்க் சென்சார் அப்போதுதான் தன் பூஜ்ய நிலையைக் குறித்துக்கொள்கிறது.)

ரசீதில் "மென்பொருள் மாற்றம்" என்று எழுதியிருந்தும் கடைக்காரர் பணத்தைத் திருப்பித் தர மறுத்துவிட்டார். இவ்வேலைக்கு வண்டியைக் கொடுப்பவர்கள், எந்த அமைப்பு எந்த அளவிலிருந்து எந்த அளவுக்கு மாற்றப்பட்டது என்பதை எழுதி வாங்குங்கள். வண்டியை எடுத்த அன்றே திரையின் வேகத்தை ஜிபிஎஸ் வேகத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.