குளிசைக்கு நாலு நட்சத்திரம், தலையணைக்கு ஒன்றும் இல்லை

போனுக்கும் றைஸ் குக்கருக்கும் எல்லாரும் விமர்சனம் எழுதுகிறார்கள், நாலு வருடமாக நான் நாள் தவறாமல் பாவிக்கிற ஒரு பொருளுக்கு ஏன் எழுதக்கூடாது என்று நேற்றிரவு இரண்டு மணிக்கு வேர்த்து விறுவிறுத்து எழும்பிக் குந்தியிருந்தபோது தோன்றியது. பொருள், குளிசை. முதல் இரண்டரை வருடம் தமொக்சிபென் 20 மில்லிகிராம், மாதவிடாய் முற்றாக நின்றுவிட்டது என்று இரத்தப் பரிசோதனையில் உறுதியான பிறகு லெட்ரசோல் 2.5 மில்லிகிராம். மார்புப் புற்றுநோய்க்கு ஒப்பரேஷன், கீமோ, கரண்ட் (கதிர்வீச்சைத்தான் அப்படிச் சொல்வோம்) எல்லாம் முடிந்து, "இனிக் குளிசை மட்டும்தான்" என்றார்கள். அந்த "மட்டும்தான்" என்பதை நம்பி வீட்டுக்கு வந்தவள் நான்.

முதலில் குளிசை என்ன செய்கிறது என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எனக்கு இது விளங்க ஒரு வருடம் எடுத்தது. என்னுடைய கட்டி ஈஸ்ட்ரஜன் ஓமோனைத் தின்று வளர்கிற வகை. தமொக்சிபென் என்ன செய்யும் என்றால், பருத்தித்துறை பஸ்ஸில் யன்னலுக்குள்ளால் லேஞ்சி போட்டு இடம் பிடிப்போமே, அதுமாதிரி மார்புக் கலங்களில் ஈஸ்ட்ரஜன் வந்து இருக்க வேண்டிய இடத்தில் தான் போய் இருந்துகொள்ளும். ஈஸ்ட்ரஜன் வரும், இடமில்லை. லெட்ரசோல் அப்படியில்லை, பஸ்ஸையே நிறுத்திவிடும். மாதவிடாய் நின்ற பிறகும் கொழுப்பிலும் தசையிலும் அரோமற்றேஸ் என்ற நொதியம் கொஞ்சம் கொஞ்சமாக ஈஸ்ட்ரஜன் செய்துகொண்டிருக்கும், அந்த நொதியத்தை இது வேலை செய்ய விடாது. தமொக்சிபென் 1960களில் இங்கிலாந்தில் கருத்தடை மருந்து தேடப் போய்க் கிடைத்ததாம். கருத்தடைக்கு உதவவில்லை. நல்ல காலம் அதைக் குப்பையில் போடவில்லை.

சரி, பக்கவிளைவுக்கு வருவோம். தமொக்சிபென் காலத்தில் எனக்கு வெக்கைதான். வெயில் வெக்கை இல்லை, நெஞ்சுக்குள் யாரோ அடுப்பை மூட்டிவிட்ட மாதிரி ஒன்று, கழுத்தால் ஏறி முகத்துக்கு வந்து, இரண்டு மூன்று நிமிடத்தில் சோட்டி நனைந்து, அப்புறம் குளிர். நல்லூர்த் திருவிழாவில் சனத்துக்குள் நிற்கும்போது வந்து, பக்கத்தில் நின்ற ஒரு அம்மா "பிள்ளைக்குச் சாமி வரப்போகுது" என்று விலகி நின்றார். மே மாதம் யாழ்ப்பாணத்தில் எது உடம்பு வெக்கை எது ஊர் வெக்கை என்று பிரித்துப் பார்க்கவே முடியாது.

இதற்காக நான் வாங்கியவை. முதலாவது, உள்ளே ஜெல் வைத்த குளிர்த் தலையணை, மகள் இணையத்தில் பார்த்து எடுப்பித்துத் தந்தாள். கடைக்காரரின் பெயர் சொல்லமாட்டேன், காசுதான் போனது. முதல் கால் மணித்தியாலம் குளிராக இருக்கும், பிறகு நம்முடைய சூட்டையே வாங்கி வைத்துக்கொண்டு திருப்பித் தரும். பூச்சியம். இரண்டாவது, சார்ஜ் பண்ணும் சின்ன ஃபான், கட்டிலடியில் வைக்க நல்லது, கரண்ட் போனாலும் ஓடும், ஆனால் நடுச்சாமத்தில் அதன் பச்சை லைற் கண்ணுக்குள் குத்தும், நான் அதில் ஒட்டுப்பொட்டு ஒட்டிவைத்திருக்கிறேன். மூன்று நட்சத்திரம். மூன்றாவது, பனையோலை விசிறி. ஐந்துக்கு ஐந்து. கைப்பையில் நிற்கும், சத்தமில்லை, கோயிலில் விசிறினால் ஒருவரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். கொதிக்கக் கொதிக்கத் தேத்தண்ணி குடிப்பதையும் இரவுக் கறியில் உறைப்பையும் குறைத்தேன், அதுவும் கொஞ்சம் உதவியது.

ஆனால் உண்மையில் ஆளைத் தூக்கிவிட்டது இவை ஒன்றும் இல்லை. கிளினிக்கில் வாயைத் திறந்ததுதான். ஒன்பது மாதம் "சுகமாயிருக்கிறேன்" என்றே சொல்லிக்கொண்டிருந்தேன், உயிர் தப்பிய ஆள் வேர்வைக்கு முறைப்பாடு வைப்பதா என்று ஒரு வெட்கம். ஒருநாள் மிஸியிடம் சொல்ல, "ஏனக்கா இவ்வளவு நாளும் சொல்லேல்லை?" என்று கேட்டுவிட்டு டொக்டரிடம் கூட்டிப்போனார். வென்லாஃபக்சின் குறைந்த அளவில் தந்தார்கள். அது மனச்சோர்வுக்கான மருந்துதான், வெக்கைக்கும் கேட்கும், இரண்டு கிழமையில் இரவுக்கு ஐந்து தரம் எழும்பிய நான் ஒன்றிரண்டு தரத்துக்கு வந்தேன். இதில் ஒரு கவனம் வேண்டும்: மனச்சோர்வு மருந்துகளிலேயே பரொக்சிடீன், ஃபுளூஒக்செற்றீன் என்ற இரண்டும் தமொக்சிபென்னை உடம்பு பாவிக்கும் விதத்துக்குக் குறுக்கே நிற்கும். வேறு டொக்டரிடம் நித்திரைக்கோ மனதுக்கோ மருந்து எடுக்கப் போனால் தமொக்சிபென் போடுவதை முதலே சொல்லிவிடுங்கள்.

லெட்ரசோலுக்கு மாறியதும் வெக்கை கொஞ்சம் அடங்கியது, மூட்டு பிடித்துக்கொண்டது. காலையில் கட்டிலால் இறங்கினால் எண்பது வயதுக் கிழவி மாதிரி நாலு அடி நடந்த பிறகுதான் முழங்கால் மடங்கும். விரல் மொளிகள் விறைத்து, ஒருநாள் இடியப்ப உரலை இரண்டு கையாலும் பிடித்து அமத்துகிறேன், மா அசையவில்லை. ஒரு தட்டுக்கூட நிறையவில்லை. உரலையும் மாவையும் அப்படியே வைத்துவிட்டுக் குசினி வாசலில் இருந்து அழுதேன், அதை ஏன் மறைப்பான். இப்போது எங்கள் வீட்டில் இடியப்பம் இவர்தான் பிழிகிறார். முதல் மாதம் சிக்கு நூல் மாதிரி வந்தது, இப்போது என்னுடையதை விட வடிவு.

மூட்டுக்கு நான் பாவித்ததில் செப்புக் காப்பு சுத்த வீண், எண்ணெய் பூசினால் பூசிய நேரம் சுகம். நடைதான் கேட்டது. நோகிற காலோடு நடக்கச் சொல்கிறார்களே என்று எனக்கு முதலில் கோபம். அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்து ஆட்கள் இதே வகைக் குளிசை போடும் பெண்களைக் கிழமைக்கு 150 நிமிடம் நடை மாதிரியான பயிற்சியும் இரண்டு நாள் பாரம் தூக்கலும் செய்யவைத்துப் பார்த்து, மூட்டுநோ குறைகிறது என்று 2015இல் எழுதியிருக்கிறார்கள். மகள் அதை வாசித்துக் காட்டிய பிறகுதான் இறங்கினேன். பின்னேரம் ஐந்தரைக்குப் பண்ணைக் கடற்கரையால், சோளகம் அடிக்கிற மாதங்களில் முகத்தில் உப்புக்காற்றோடு. பாரத்துக்கு ஒரு லீற்றர் தண்ணிப் போத்தல் இரண்டு. ஆறு கிழமைக்கு ஒரு வித்தியாசமும் இல்லை, பஞ்சிப்பட்டு விட்டுவிடாதீர்கள். அதற்குப் பிறகு காலை விறைப்பு அரை மணித்தியாலத்திலிருந்து பத்து நிமிடத்துக்கு வந்தது. எலும்பையும் இந்தக் குளிசை மெலியவைக்கும், அதனால் எலும்பின் அடர்த்தி பார்க்கிற டெக்ஸா ஸ்கான் எடுக்கச் சொல்வார்கள், எடுங்கள். கல்சியமும் விற்றமின் டீயும் டொக்டர் சொன்ன அளவு, தயிர், நெத்தலி, எள்ளு, குரக்கன் நம்முடைய பங்குக்கு.

இன்னொன்று, ஒருவரும் வாயால் சொல்லாதது. கீழே வறட்சி. ஒரு பாமசியில் தண்ணீரில் செய்த வழுக்கல் ஜெல் கேட்டேன், அங்கே நின்ற பெடியன் பின்னுக்குத் திரும்பி இன்னொரு பெடியனிடம் சத்தமாகக் கேட்டான். அந்தக் கடைக்குப் பிறகு நான் போகவில்லை. இப்போது துண்டில் எழுதிக் கொடுத்து வாங்குகிறேன். ஓமோன் கலந்த கிறீம் ஏதாவது தந்தால் புற்றுநோய் டொக்டரிடம் காட்டாமல் பூசாதீர்கள், எங்களுக்கு அது வேறு கணக்கு. சோயாவில் ஈஸ்ட்ரஜன் மாதிரி ஒன்று இருக்கிறது, சோயாமீற் சாப்பிடாதே என்று சொந்தக்காரர் விரட்டினார்கள், சாப்பாட்டளவில் பயமில்லை என்றார் டொக்டர், நான் சாப்பிடுகிறேன்.

தமொக்சிபென் போடுகிறவர்கள் ஒரு கால் மட்டும் வீங்கி நொந்தாலோ, மூச்சு முட்டினாலோ, மாதவிடாய் நின்ற பிறகு இரத்தம் பட்டாலோ அடுத்த கிளினிக் திகதி வரைக்கும் காத்திருக்கக் கூடாது. இரத்தக் கட்டியும் கருப்பைப் பிரச்சினையும் அரிது, ஆனால் இருக்கிறது. கொழும்புக்கு இரவு பஸ்ஸில் போனால் நான் நடுவில் நிற்கிற இடமெல்லாம் இறங்கி நடந்தேன்.

விலை? அரச ஆஸ்பத்திரியில் இலவசம், ஒருமுறை இல்லாமல் வெளியில் வாங்கினேன். பெட்டியின் நிறம் மாறும், உள்ளே அதே 2.5தான்.

ஒரு நட்சத்திரத்தை இடியப்ப உரலுக்காகக் குறைத்திருக்கிறேன். ஐந்து வருடம் என்றுதான் தொடங்கியது, ஏழாக்கலாமா என்று அடுத்த கிளினிக்கில் பேசுவோம் என்கிறார்கள். டெக்ஸா அறிக்கை வந்த பிறகு முடிவு சொல்கிறேன் என்று சொல்லி வந்திருக்கிறேன். தலையணை இலவசம், கோண்டாவில் பக்கம் யாரும் வந்தால் எடுத்துப் போகலாம், பூனை விட்டால்.