திரு எண்ணெய்ச் சிமிழ்கள்: எதை வாங்கலாம், எதை விடலாம்

கத்தோலிக்கச் சடங்குகளில் பூசும் திரு எண்ணெய் மூன்று வகை: திருமுழுக்கிலும் உறுதிபூசுதலிலும் பூசும் கிறிஸ்மா, திருமுழுக்குக்குத் தயாராகும் புகுமுக நிலையினருக்கான எண்ணெய், நோயாளர் எண்ணெய். இவற்றை வைக்கும் சிறு டப்பாதான் எண்ணெய்ச் சிமிழ். வேளாங்கண்ணிக் கடைத்தெருவிலோ பேராலயத்துக்குப் பக்கத்துக் கத்தோலிக்கக் கடையிலோ எண்ணெய்ச் சிமிழ் கேட்டால், முதலில் எடுத்து வைப்பது மூன்றடுக்குப் பித்தளைச் சிமிழாகத்தான் இருக்கும். தங்கமுலாம், மூடியில் சிலுவை, வெல்வெட் பெட்டி என்று பார்க்க அம்சமாக இருக்கும். குருப்பட்டத்துக்கு அன்பளிப்பாகவும் அதையே வாங்குகிறார்கள். பங்குக் கோயிலில் அன்றாடம் புழங்க அது தோதுப்படாது. தனித்தனியாக மூன்று எவர்சில்வர் சிமிழ்கள் வாங்குவதே நல்லது.

அடுக்குச் சிமிழில் மேல் அடுக்கின் அடிப்பாகம்தான் கீழ் அடுக்குக்கு மூடி. எண்ணெய்க் கையோடு மேல்மூடியைத் திருகினால் நடுமூட்டும் சேர்ந்து கழன்றுவரும். அவசரத்தில் திரும்பப் பூட்டும்போது அடுக்கு இடம் மாறும். எழுத்து மூடியில் மட்டும் பொறித்த மாதிரி என்றால் எது எந்த எண்ணெய் என்பதே குழம்பிவிடும். கிறிஸ்மாவில் பரிமளத் தைலம் கலந்திருப்பதால் அதை முகர்ந்து கண்டுபிடிக்கலாம். மற்ற இரண்டும் வாசனை சேர்க்காத வெறும் எண்ணெய், முகர்ந்தாலும் தெரியாது. இதைச் சின்ன விஷயமாக விட முடியாது. உறுதிபூசுதலுக்கு (திருமுழுக்குப் பெற்றவரை விசுவாசத்தில் உறுதிப்படுத்தும் சடங்கு) ஆயர் (பிஷப்) அர்ச்சித்த கிறிஸ்மாவே வேண்டும் என்கிறது திருச்சபைச் சட்டம் 880. அருட்பணியாளரே உறுதிபூசுதல் வழங்கினாலும் இதில் மாற்றமில்லை.

பொறித்த எழுத்தையும் பார்த்து வாங்க வேண்டும். எஸ்.சி. என்றால் கிறிஸ்மா, ஓ.ஐ. என்றால் நோயாளர் எண்ணெய்; இவற்றில் குழப்பமில்லை. ஓ.எஸ். என்றிருந்தால்தான் வம்பு. பழைய லத்தீன் வழக்கில் அது புகுமுக நிலையினர் எண்ணெய். ஆங்கிலம் பழகியவர் அதையே நோயாளர் எண்ணெய் என்று எடுத்துக்கொள்வார். எழுத்தில்லாத எவர்சில்வர் சிமிழை வாங்கி, பாத்திரக்கடையில் பெயர் வெட்டுபவரிடம் கொடுத்து கி, பு, நோ என்று உடலிலும் மூடியிலும் வெட்டச் சொல்லுங்கள். ஸ்டிக்கர் ஒட்டினால் எண்ணெய் பட்டுச் சீக்கிரமே உரிந்துவிடும்.

பித்தளையின் பெரிய குறை களிம்பு. எண்ணெய் பழசாகும்போது அதில் அமிலம் கூடும், அது செம்பை அரித்துப் பச்சையாக்கும். முலாம் இருக்கும்வரை பிரச்சினை இல்லை. ஆனால் மரைப் பகுதியில் முலாம் முதலில் தேயும், பச்சையும் அங்கேதான் தொடங்கும். பளபளப்புக்காகப் புளி போட்டு விளக்கினால் மிச்ச முலாமும் போகும். உள்ளே தங்கமுலாம் இருந்தே ஆக வேண்டும் என்று சில கடைக்காரர்கள் சொல்வார்கள். முலாம் பற்றிய விதி திருப்பலியில் நற்கருணை இரசமும் அப்பமும் வைக்கும் கிண்ணத்துக்கும் தட்டுக்கும் உரியது. எண்ணெய்ச் சிமிழுக்கு அது பொருந்தாது, அதற்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டியதில்லை. அலுமினியச் சிமிழ் மலிவு, ஆனால் மரை சீக்கிரம் மழுங்கி மூடி நிற்காது.

அடுத்து அகலம். உறுதிபூசுதல் சடங்குமுறை வலக் கட்டைவிரலைக் கிறிஸ்மாவில் தோய்க்கச் சொல்கிறது. வாய் இரண்டு சென்டிமீட்டருக்குக் குறைந்தால் விரல்நுனி மட்டும்தான் நுழையும், அப்போது சிமிழைக் கவிழ்த்துத் தொட வேண்டிவரும். விரலில் மாட்டும் வளையத்தோடு வரும் ஒற்றைச் சிமிழ் இந்த வகையில் அருமையானது. திருமுழுக்கில் ஒரு கையில் திருச்சடங்கு நூல் இருந்தாலும் சிமிழ் நழுவாது. வளையம் பற்றவைத்ததா, வெறும் பசையில் ஒட்டியதா என்று அசைத்துப் பாருங்கள். ஐம்பது அறுபது பேருக்கு ஆயர் உறுதிபூசும் நாளில் எந்தச் சட்டைப்பைச் சிமிழும் போதாது. அன்றைக்கு அகன்ற கண்ணாடிக் கிண்ணம்தான் சரி. பக்கத்தில் எலுமிச்சைத் துண்டும் ரொட்டித் துண்டும் வைத்துவிட்டால் பிறகு கை துடைக்கத் திண்டாட வேண்டாம்.

கசிவைக் கடையில் கண்டுபிடிக்க முடியாது. வீட்டு நல்லெண்ணெயை அரைவாசி ஊற்றி மூடி, செய்தித்தாள்மேல் படுக்கவைத்து, ஒரு பகல் வெயிலிலும் ஓர் இரவு உள்ளேயும் விட்டுப் பாருங்கள். தாளில் கறை தெரிந்தால் வாசரைக் கவனியுங்கள். சாதா ரப்பர் எண்ணெயில் ஊறி உப்பிப் பிசுபிசுக்கும். சிலிக்கான் வளையம் தாங்கும். வாசரே இல்லாமல் மரையை மட்டும் நம்பிய மாதிரிகளை வாங்காதீர்கள். கிளைக் கிராமங்களுக்கு பைக்கில் போகும் சாமியார் சிமிழைச் சீட்டுக்கடியில் வைத்தால், அதிர்விலேயே மரை தளர்ந்துவிடும். அங்குள்ள சூட்டில் எண்ணெயும் சீக்கிரம் காறிப்போகும். தோள்பையில் வைப்பதே மேல்.

நற்கருணைச் சிமிழும் எண்ணெய்ச் சிமிழும் ஒரே உறையில் வரும் நோயாளர் பெட்டி பார்க்க வசதியாகத் தெரியும். ஒருமுறை கசிந்தால் அப்பத்தில் எண்ணெய் ஏறும், அதை நோயாளிக்குக் கொடுக்கவும் முடியாது, எறியவும் முடியாது. இரண்டும் தனி உறையில் இருக்கட்டும். ரெக்சின் உறை மடிப்பில் உரியும். கெட்டித்துணிப் பையைத் துவைக்கவாவது செய்யலாம்.

எந்தச் சிமிழானாலும் பஞ்சு சரியாக இல்லாவிட்டால் பயனில்லை. மருந்துக்கடையில் விற்கும் உறிஞ்சும் பஞ்சே வேண்டும். விளக்குத்திரிப் பஞ்சின் நார் விரலோடு வந்து குழந்தையின் உச்சந்தலையில் ஒட்டும். சிமிழில் மூன்றில் இரண்டு பங்கு உயரத்துக்கு இறுக்கிவைத்து, எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். அழுத்தினால் விரல் நனைய வேண்டும், கவிழ்த்தால் சொட்டக் கூடாது; அதுதான் அளவு. சட்டைப்பைச் சிமிழுக்குப் பெரும்பாலும் மூன்று நான்கு மில்லிலிட்டர் போதும். ஸ்பாஞ்சுத் துண்டு வைக்க வேண்டாம். எண்ணெயில் நாளாக ஆகப் பொடிந்துபோகும், எரித்தாலும் நாற்றமடிக்கும்.

ஈஸ்டருக்கு முந்தைய பெரிய வாரத்தையொட்டி, ஆயர் எண்ணெய்களைப் புனிதப்படுத்தும் எண்ணெய்த் திருப்பலியிலிருந்து புது எண்ணெய் வந்ததும் சிமிழைக் காலிசெய்ய வேண்டும். அவசியம் இல்லாமல் பழையதைப் பயன்படுத்தக் கூடாது என்று சட்டம் 847 சொல்கிறது. பழைய பஞ்சை எண்ணெயோடு எரித்து, சாம்பலைக் கோயில் வளாகத்து மண்ணில் புதையுங்கள். சிமிழைப் புதுப் பஞ்சால் துடைத்து அதையும் எரிக்க வேண்டும். பிறகு வெந்நீரில் அலசி, முதல் தண்ணீரை மண்ணில் ஊற்றுங்கள். சோப்பு அதற்கப்புறம்தான். கடைசியில் நன்றாக உலர்த்துவதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். மரையில் ஈரம் தங்கினால் புது எண்ணெயும் சீக்கிரம் கெடும். பழசின்மேலேயே புதுசை ஊற்றி நிரப்பும் வழக்கம் சில இடங்களில் உண்டு. காறல் வாடைக்குப் பாதிக் காரணம் அதுதான். மிச்ச எண்ணெயை அடர்நிறக் கண்ணாடிப் புட்டியில் ஊற்றி, திருவுடை அறை அலமாரியில் வெளிச்சம் படாமல் பூட்டிவையுங்கள்.

மூன்றையும் ஒரே தவணையில் வாங்க முடியாத பங்கு, நோயாளர் எண்ணெய்க்கு நல்ல சிமிழை முதலில் வாங்கட்டும். வெளியே எடுத்துப்போவது அதைத்தான். மற்ற இரண்டும் பெரும்பாலும் கோயிலைவிட்டு நகர்வதில்லை, கண்ணாடிப் புட்டியிலேயே சில மாதம் ஓட்டலாம்.