ஹெட்லைட்டுக்கு ரிலே: சில மழைக்காலங்களுக்குப் பிறகு

ரிலே (சின்னக் கரண்டை வைத்துப் பெரிய கரண்டைத் திறந்து மூடும் மின்சார ஸ்விட்ச்) போட்டால் ஹெட்லைட் வெளிச்சம் கூடும் என்பது பாதி உண்மைதான். பல்பு எரிய வேண்டிய அளவுக்கு எரிகிறது, அவ்வளவே. அதற்கு முன்னால் அது பட்டினி கிடந்தது.

என்னுடையது பழைய 350 சிசி வண்டி. எச்4 பல்பு (பிரைட், டிம் இரண்டுக்குமான இழைகள் ஒரே பல்பில்), 60/55 வாட். பேட்டரியில் கிளம்பும் கரண்ட் சாவி ஸ்விட்ச், லைட் ஸ்விட்ச், டிம்-பிரைட் ஸ்விட்ச், நடுவில் வயர்களை இணைக்கும் கப்ளர்கள் என்று எல்லாவற்றையும் தாண்டித்தான் பல்புக்கு வந்து சேரும். அந்த மெல்லிய வயரில் 5 ஆம்பியர் வரை ஓடும்போது வழியெல்லாம் வோல்டேஜ் கரைகிறது. எஞ்சினை ஓடவிட்டு மல்டிமீட்டரில் பார்த்தேன்: பேட்டரி முனையில் 13.6, பல்பு ஹோல்டரில் 11.9. ஹாலோஜன் பல்பில் வோல்டேஜ் குறைந்த அளவுக்கு மட்டும் வெளிச்சம் குறையாது, ஏறக்குறைய 3.4 அடுக்கில் விழும். அந்த 1.7 வோல்ட்டோடு மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் வெளிச்சம் போய்விடுகிறது. ரிலே போட்டபின் ஹோல்டரில் 13.3 வருகிறது. இரவில் ஏற்காடு மலைப்பாதையில் வளைவு திரும்பும்போது வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

வேலை பெரிய வித்தை இல்லை. டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று, இரண்டு 12 வோல்ட் ரிலே. ரிலேயின் ஒவ்வொரு காலிலும் எண் இருக்கும். பேட்டரி பிளஸ்ஸிலிருந்து ஃப்யூஸ் வழியாக 30ஆம் கால், 87இலிருந்து பல்பு. பழைய ஹெட்லைட் வயர் 86க்கு, 85 எர்த்துக்கு. ஸ்விட்ச் வழியே இப்போது போவது ரிலே காயிலுக்கான 150 மில்லி ஆம்பியர் அளவுதான். ஐந்து கால் ரிலே வாங்கினால் நடுவில் இருக்கும் 87ஏ-வில் எதையும் மாட்டக்கூடாது. காயிலில் கரண்ட் இல்லாதபோது 30உடன் சேர்ந்திருப்பது அதுதான். அதில் பல்பை மாட்டினால் வண்டி நிற்கும்போதெல்லாம் லைட் எரியும். ஃப்யூஸ் 15 ஆம்பியர் போட்டேன். பாஸ் லைட் அடிக்கும்போது இரண்டு இழையும் ஒன்றாக எரியும், 10 ஆம்பியர் ஃப்யூஸுக்கு அது கழுத்துவரை வந்துவிடும்.

எர்த் விஷயத்தில்தான் நிறையப் பேர் கஞ்சத்தனம் செய்கிறார்கள். பிளஸ்ஸுக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் வயரை இழுத்துவிட்டு, எர்த்தை ஹெட்லைட் டூமின் ஸ்க்ரூவில் சொருகி முடித்துவிடுவார்கள். அப்புறம் கரண்ட் கிரீஸ் பூசிய ஸ்டீயரிங் பேரிங் வழியாகத் திரும்ப வேண்டும். ஹோல்டரிலிருந்து பேட்டரி மைனஸ் வரை அதே தடிமனில் தனி வயர் போடுங்கள்.

இத்தனை வருஷத்தில் ரிலே இரண்டும் ஒருமுறைகூடப் பழுதாகவில்லை. தொல்லை கொடுத்ததெல்லாம் அதைச் சுற்றி இருந்தவை. முதலில் போனது கண்ணாடி ஃப்யூஸ் மாட்டும் மலிவு ஹோல்டர். முதல் ஐப்பசி மழையிலேயே உள்ளே இருந்த ஸ்பிரிங் துருப்பிடித்து, சூடேறி, பிளாஸ்டிக் உருகி, லைட் மின்னி மின்னி எரிந்தது. ரப்பர் மூடி உள்ள பிளேடு ஃப்யூஸ் ஹோல்டருக்கு மாறியபின் அந்தப் பேச்சே இல்லை. அடுத்தது ஸ்டீயரிங் கழுத்து. ஹேண்டிலை முழுக்கத் திருப்பும்போது வயர் எங்கே உரசுகிறது என்று பார்த்து, அங்கே மட்டும் இரட்டை ஸ்லீவ் போட வேண்டும். என் வண்டியில் ஒற்றை ஸ்லீவ் தேய்ந்து செம்பு தெரியத் தொடங்கியிருந்தது. ரிலேயின் கால்கள் கீழே பார்க்கும்படி மாட்டியிருக்கிறேன். தண்ணீர் வடிந்துவிடும், களிம்பு பிடிக்காது.

எனக்கு வெளிச்சத்தைவிடப் பெரிய லாபம் டிம்-பிரைட் ஸ்விட்ச்தான். முன்பெல்லாம் நீண்ட ஓட்டத்தில் அது விரலுக்கே சூடு தட்டும், கான்டாக்ட் கருகும். இப்போது கழற்றிப் பார்த்தால் சுத்தமாக இருக்கிறது.

குறைகளும் உண்டு. முழு வோல்டேஜ் கிடைப்பதால் பல்பு முன்னைவிடச் சீக்கிரம் போகிறது. சிக்னலில் ஐடிலிங்கில் நிற்கும்போது லைட் மங்குவது அப்படியேதான்; அது சார்ஜிங் சம்பந்தப்பட்டது, ரிலேயால் ஆவதற்கில்லை. இனி 100/90 வாட் பல்பு போடலாமே என்று கடைக்காரர் ஆசை காட்டுவார். வயர் தாங்கும், சரி. ரிஃப்ளெக்டரும் எதிரில் வருபவர் கண்ணும் தாங்குமா?

மேக்னட்டோவிலிருந்து (எஞ்சின் சுழற்சியில் கரண்ட் தயாரிக்கும் பாகம்) நேராக ஏசி கரண்டில் ஹெட்லைட் எரியும் பழைய 100 சிசி வண்டிகளுக்கு இதை அப்படியே செய்யாதீர்கள். ஏசியில் இந்த ரிலே ஒழுங்காகப் பிடிக்காமல் படபடக்கும். பேட்டரியிலிருந்து எடுத்தாலோ, அந்தச் சின்ன சார்ஜிங் காயில் ஈடுகொடுக்காது. எல்ஈடிக்கு மாறிவிட்டவர்களுக்கு ரிலேயே தேவையில்லை, அது இழுக்கும் கரண்ட் குறைவு.

சீட்டுக்கு அடியில் ஒரு ஸ்பேர் ரிலேயும் கையளவு வயரும் வைத்திருக்கிறேன். நடுவழியில் ரிலே செத்தால், அதைப் பிடுங்கிவிட்டு சாக்கெட்டில் 30, 87 இரண்டையும் அந்த வயரால் இணைத்தால் லைட் எரியும், ஃப்யூஸும் காவலுக்கு இருக்கும். வண்டியை நிறுத்தும்போது மட்டும் வயரை மறக்காமல் எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் காலையில் பேட்டரி காலி.