புரோக்கர்கள் அணுக வேண்டாம்: காட்பாடியில் உரிமையாளரிடமே வீடு வாங்கிய அனுபவம்

மெல்பர்னிலிருந்து ஐந்து வார விடுப்பில் வேலூர் வந்த நான்காம் நாள், காட்பாடி காந்தி நகரில் ஒரு வீட்டின் இரும்புக் கதவில், "வீடு விற்பனைக்கு. புரோக்கர்கள் அணுக வேண்டாம்" என்று எழுதிக் கட்டியிருந்த தகரப் பலகையைக் கண்டேன். அதற்கு முன் தரகர்கள் காட்டிய வீடுகளுக்கெல்லாம் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வரும் வெளிமாநிலத்தவருக்கோ வி.ஐ.டி. மாணவர்களுக்கோ வாடகைக்கு விட்டால் எவ்வளவு கிடைக்கும் என்ற கணக்கிலேயே விலை சொல்லப்பட்டது. நான் தேடியதோ என் பெற்றோர் குடியிருக்க ஒரு வீடு.

உரிமையாளர் ஓய்வுபெற்ற ஆசிரியர். வீட்டைச் சுற்றிக் காட்டும்போதே, "சித்திரையில் போர் வற்றிவிடும் தம்பி, அப்புறம் லாரித் தண்ணீர்தான்" என்றார். எந்தத் தரகரும் எனக்குச் சொல்லியிருக்க மாட்டாத செய்தி அது. அவர் மீது எனக்கு நம்பிக்கை வந்ததும் அந்த ஒரு வாக்கியத்தால்தான். பின்னால் சிக்கல் வந்ததும் அந்த நம்பிக்கையால்தான் என்று சொல்ல வேண்டும்.

அவர் கொடுத்த நகல்களில் 1979இல் அவருடைய தந்தை மனையை வாங்கிய கிரயப் பத்திரமும் அதற்கு முந்தைய மூலப்பத்திரமும் இருந்தன. சொத்தின் மீது பதிவான விற்பனை, கடன் விவரங்களைக் காட்டும் வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறையின் இணையதளத்தில் நானே பார்த்தேன். 1975க்குப் பிந்தைய பதிவுகள் அங்கே கிடைக்கின்றன, அதற்கு முந்தையவற்றுக்கு அலுவலகத்தில் தனியே மனுச் செய்ய வேண்டும். வங்கிக் கடன் ஒன்று அடைக்கப்பட்டதைத் தவிர வேறு வில்லங்கம் எதுவும் இல்லை. வீட்டு வரி ரசீதும் ஆசிரியரின் பெயரில் இருந்ததால் அன்றே டோக்கன் அட்வான்ஸ் கொடுத்துவிட எண்ணினேன்.

சத்துவாச்சாரி நீதிமன்றத்தில் தொழில் செய்யும் வழக்கறிஞர் ஒருவர்தான் என்னைத் தடுத்தார். நகர நில அளவைப் பதிவேட்டில் இன்னும் தந்தையின் பெயரே இருப்பதைச் சுட்டிக்காட்டி, வரி ரசீது உரிமையைக் காட்டும் ஆவணம் ஆகாது என்றும், வில்லங்கச் சான்றில் பதிவான ஆவணங்கள் மட்டுமே வருமே தவிர ஒருவர் இறந்ததோ அவருக்கு எத்தனை வாரிசுகள் என்பதோ வராது என்றும் விளக்கினார். தந்தை உயில் எழுதாமல் காலமாகியிருந்தால், அவர் சுயமாகச் சம்பாதித்த வீட்டில் மகள்களுக்கும் மகனுக்குச் சமமான பங்கு உண்டு.

"சார், உங்களுக்கு உடன்பிறந்தவர்கள் உண்டா?" என்று நான் கேட்டபோது ஆசிரியரின் முகம் மாறிவிட்டது. தங்கைகள் இருவர், ஒருவர் திருப்பத்தூரில், மற்றவர் பெங்களூருவில். "அவர்களுக்குச் சீர் செய்தாகிவிட்டது, கேட்க மாட்டார்கள்" என்றார். தரகர் இருந்திருந்தால் இந்தக் கேள்வியைத் தொழில் பேச்சாகக் கேட்டுவிட்டுப் போயிருப்பார். என் வாயிலிருந்து வந்தபோது அது ஒரு குடும்பத்தின் மீது கொண்ட சந்தேகமாக ஒலித்தது. நான் வாழும் விக்டோரியா மாநிலத்தில் சொத்தின் உரிமை, கடன், வரி விவரங்களை விற்பவரே கையெழுத்திட்ட அறிக்கையாக முன்கூட்டியே தந்தாக வேண்டும் என்று சட்டம் இருப்பதால், வாங்குபவர் இப்படி முகத்துக்கு நேரே கேட்க வேண்டிய தேவை பெரும்பாலும் எழுவதில்லை. இங்கே தோண்டிப் பார்க்கும் பொறுப்பு வாங்குபவருடையது. பத்து நாள் கழித்து, வட்டாட்சியர் அளித்த வாரிசுச் சான்றுடன் ஆசிரியரே தொலைபேசியில் அழைத்தார். தங்கைகள் தம் பங்கை விட்டுக்கொடுத்து அண்ணனுக்கு விடுதலைப் பத்திரம் எழுதுவதைவிட, மூவரும் சேர்ந்தே கிரயம் எழுதித் தருவதென முடிவாயிற்று.

விலைப் பேச்சில் ஒரே ஒரு முரண்பாடுதான் எழுந்தது. அரசு குறித்துள்ள வழிகாட்டி மதிப்புக்கு மட்டும் பத்திரம் எழுதி மீதியை ரொக்கமாகத் தரும் வழக்கத்தை ஆவண எழுத்தர் இயல்பாக முன்வைத்தார். சொத்து பரிமாற்றத்தில் 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாகக் கைமாறுவதைச் சட்டம் தடுக்கிறது என்பது ஒருபுறமிருக்க, வெளிநாட்டிலிருந்து வங்கி வழியாக வந்த பணம் பத்திரத்தில் முழுமையாகத் தெரியாவிட்டால் பிற்காலத்தில் விற்கும்போது துன்பம் எனக்குத்தான். முழு விலைக்கும் எழுதினோம். முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். மூவரின் பங்கும் தனித்தனியே 50 லட்சத்துக்குக் குறைவு என்பதால் விலையிலிருந்து வாங்குபவர் செய்ய வேண்டிய 1 சதவீத வருமான வரிப் பிடித்தம் தேவையில்லை என்றும் அதே எழுத்தர் சொன்னார். 2024 அக்டோபர் முதல் மொத்த விலையே கணக்கில் கொள்ளப்படுகிறது என்பதை வழக்கறிஞர் சொல்லியிராவிட்டால் நான் அந்தப் பேச்சை நம்பியிருப்பேன்.

இடையில் உறவினர் ஒருவர் கே.வி.குப்பம் பக்கம் தென்னந்தோப்புடன் ஒரு வீட்டை மலிவாக முடித்துத் தருவதாகச் சொன்னார். வெளிநாடுவாழ் இந்தியர் குடியிருப்பு வீட்டை ரிசர்வ் வங்கியின் தனி அனுமதியின்றி வாங்கலாம். விவசாய நிலத்தையோ பண்ணை வீட்டையோ வாங்க முடியாது. அவருக்கு இதைப் புரியவைக்க ஒரு மாலைப்பொழுது ஆயிற்று.

பதிவு நாளில் காலை நேரத்துக்கான டோக்கனுடன் பதிவு அலுவலகத்துக்குச் சென்ற எங்களைச் சர்வர் கோளாறு பிற்பகல் வரை உட்கார வைத்தது. பெங்களூருத் தங்கை மாலை ரயிலைத் தவறவிட்டார். கைரேகையும் புகைப்படமும் முடிந்து வெளியே வந்தபோது, முதல் நாள் எனக்கு அந்தத் தெருவுக்கு வழி சொன்ன தேநீர்க் கடைக்காரர் நின்றிருந்தார். வழி காட்டியதற்கு ஒரு சதவீதம் கமிஷன் வேண்டுமாம். பலகையில் எழுதியிருந்ததை ஆசிரியரே அவருக்கு உரக்கப் படித்துக் காட்டினார்.

பட்டா மாறுதல் நான் மெல்பர்ன் திரும்பிய பிறகு முடிந்தது. மின் இணைப்பை மட்டும் மாற்ற மறந்துவிட்டோம். கட்டணக் குறுஞ்செய்தி இன்னும் ஆசிரியரின் கைப்பேசிக்கே போகிறது, அவரும் தவறாமல் என் அப்பாவை அழைத்துத் தொகையைச் சொல்லிவிடுகிறார்.