குசினி வாளியை எங்கே கவிழ்ப்பது? திருகோணமலை வீட்டுக்கு உள்ள வழிகள்

உப்புவெளியிலோ பாலையூற்றிலோ ஒரு வீட்டுக் குசினி வாளியைக் கவிழ்த்தால் முதலில் விழுவது மீன் செதிள், தேங்காய்ப்பூச் சக்கை, மரக்கறித் தோல், மிஞ்சிய சோறு. அவற்றுக்கு நடுவே ஒரு சொப்பிங் பேக், இரண்டு யோகட் கப், ஒரு சோடாப் போத்தல் கிடக்கும். இலங்கையில் வீட்டுக் குப்பையில் பாதிக்கு மேல் அழுகக்கூடியதுதான். அதனால் மீள்சுழற்சி என்றதும் போத்தலில் தொடங்குகிறவர்கள் வாளியின் சின்னப் பங்கோடு மல்லுக்கட்டுகிறார்கள் என்பது என் எண்ணம். ஈரமானது முதலில் எங்கே போகிறது என்பதை வைத்தே ஒவ்வொரு வழியையும் பார்க்கிறேன்.

எல்லாம் ஒரே பையில், சபை வண்டிக்கு

இதைவிடச் சுலபமான வழி கிடையாது. பையைக் கட்டி வாசலில் வைத்தால் வேலை முடிந்தது. பிரச்சினை வண்டி போய்ச் சேரும் இடத்தில் தொடங்குகிறது. மேலே மேலே கொட்டப்பட்ட குப்பையின் அடியில் காற்று இல்லை. காற்றில்லாமல் அழுகினால் மீத்தேன் வரும். 100 ஆண்டுக் கணக்கில் அது கரியமில வாயுவைவிட ஏறக்குறைய 28 மடங்கு சூடேற்றும். கூடவே கறுப்புத் தண்ணீர் நிலத்தடிக்கு இறங்கும். மலை உயர்ந்தால் என்ன நடக்கும் என்பதை 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு நாளில் கொழும்புப் பக்கம் மீதொட்டமுல்லைக் குப்பைமேட்டில் பார்த்தோம். சரிந்த குப்பைக்குள் 32 உயிர்கள் போயின. அம்பாறையில் குப்பை மேட்டில் பிளாஸ்டிக் தின்று யானைகள் செத்தன. நம் ஊரில் அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. பிரெட்ரிக் கோட்டை வாசலிலும் நகர வீதிகளிலும் திரியும் புள்ளிமான்கள் சோறு ஒட்டிய பையைப் பையோடுதான் விழுங்குகின்றன. உப்பு வாசனை பிடித்த மானுக்கு எது உணவு, எது உறை என்று யார் சொல்லிக் கொடுப்பது?

கொளுத்துவது, புதைப்பது

வளவு கூட்டி ஒரு மூலையில் கொளுத்துவது பழைய பழக்கம். சருகு மட்டும் இருந்த காலத்தில் அது பெரிய கேடு இல்லை. இப்போது அதற்குள் பொலித்தீனும் பிவிசி குழாய்த் துண்டும் சேர்கின்றன. பிவிசி குறைந்த சூட்டில் எரிந்தால் டயொக்சின் என்ற நச்சு வரும். புதைப்பதும் கரையோரத்தில் சரிவராது: உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் மணல் நிலம், கிணறுகள் ஆழமில்லை. குழியில் ஊறியது கிணற்றுக்கு வர அதிக நாள் எடுக்காது. இந்த இரண்டையும் நான் பட்டியலிலிருந்தே எடுத்துவிடுவேன்.

வீட்டில் கொம்போஸ்ட்: பீப்பாவா, குழியா?

ஈரப் பங்குக்கு என் தெரிவு இதுதான். ஆனால் எந்த வடிவம் என்பதில்தான் பலர் ஒரு மாரியோடு கைவிடுகிறார்கள். திருகோணமலையில் ஆண்டு இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. மே தொடங்கிக் கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் எல்லாம் காய்ந்து சருகாகும். ஐப்பசி தொடங்கி வாடையோடு மாரி கொட்டும். கோடையில் குழி நல்லது, ஈரத்தைப் பிடித்து வைக்கும். மாரியில் அதே குழி குளமாகி நாறும். அடி திறந்த, பக்கத்தில் துளையிட்ட, மூடியுள்ள பீப்பா மாரியில் தப்பும். கோடையில் அதற்கு இடைக்கிடை தண்ணீர் தெளிக்க வேண்டும். இரண்டில் ஒன்றுக்குத்தான் காசும் இடமும் உண்டென்றால் பீப்பாவையே எடுப்பேன். தண்ணீர் தெளிப்பது நம் கையில், மழையை நிறுத்துவது நம் கையில் இல்லை.

முறை சின்னது. ஒரு கோப்பை ஈரக் கழிவுக்கு இரண்டு மூன்று கோப்பை காய்ந்தது: சருகு, நறுக்கிய தென்னோலை, மரத்தூள், கிழித்த கடதாசி. கையில் எடுத்துப் பிழிந்தால் ஓரிரு துளி வர வேண்டும், அவ்வளவுதான். நாறினால் ஈரம் கூடிவிட்டது என்று அர்த்தம். சருகு போட்டுக் கிளறிவிட்டால் சில நாளில் அடங்கும். இங்கே முக்கியமான சிக்கல் மீன் கழிவு. மேலே போட்டால் பூனை, காகம், கபரகொய்யா எல்லாம் வரிசையில் நிற்கும். நடுவில் தோண்டிப் போட்டு மேலே ஒரு சாண் சருகு மூடினால் தொல்லை இல்லை. இரண்டு மூன்று மாதத்தில் கறுத்து மண்வாசனை வந்துவிடும். வீட்டுப் பீப்பாவில் விதைகள் சாகும் அளவுக்குச் சூடு பெரும்பாலும் ஏறாது. ஆகவே பசளை போட்ட இடமெல்லாம் பப்பாளியும் பூசணியும் தானாக முளைக்கும். அதை நான் குறையாகச் சொல்லமாட்டேன். தண்ணீர் நிற்காத மணல் வளவுக்கு இந்தப் பசளை இரட்டை இலாபம். 2021இல் இரசாயன உர இறக்குமதியைத் தடை செய்தபோது கொம்போஸ்ட்டுக்கு நாடு முழுக்கத் திடீர் கிராக்கி வந்தது நினைவிருக்கும்.

வளவே இல்லாத வீடுகளுக்கு? பக்கத்தில் மாடு வளர்ப்பவர் இருந்தால் மரக்கறித் தோல் அவருக்கு. பொலித்தீன் துண்டு ஒன்றும் கலக்கக்கூடாது.

உயிர்வாயுத் தொட்டி

குசினிக் கழிவை மூடிய தொட்டியில் அழுகவிட்டு அடுப்புக்கு வாயு எடுக்கும் வழி இது. கேட்க நல்லாயிருக்கும். ஒரு கன மீட்டர் வாயு ஏறக்குறைய அரைக் கிலோ சமையல் எரிவாயுவுக்குச் சமம். 2022இல் சிலிண்டருக்கு வரிசையில் நின்றவர்களுக்கு அதன் அருமை தெரியும். ஆனால் நான்கு பேர் வீட்டின் கழிவு அதற்குப் போதாது, நாள் தவறாமல் ஊட்டவும் வேண்டும். உப்புவெளி, நிலாவெளி ஹோட்டல்களுக்கும் விடுதிச் சமையலறைகளுக்கும் இது பீப்பாவைவிடச் சிறந்தது. வீட்டுக்கு வேண்டாம்.

காய்ந்தது: பழைய சாமான் வியாபாரிக்கு

ஈரம் வெளியேறினால் மிச்சம் நாறாது, ஒட்டாது, வாரக்கணக்கில் சாக்கில் கிடக்கும். அப்போதுதான் இதை விற்கலாம். இரும்பு, அலுமினியம், பித்தளை எப்போதும் போகும். பழைய அலுமினியத்தை உருக்கப் புதிதாகச் செய்யத் தேவையான சக்தியில் ஏறக்குறைய 5 வீதம் போதும், அதனால் வியாபாரியும் தேடி வாங்குகிறார். காட்போட்டும் பத்திரிகையும் நனையாமல் இருந்தால் போகும். தண்ணீர், சோடாப் போத்தல்கள் ஹொறணைப் பக்கம் நூலாகின்றன. ஆனால் 260 கிலோமீட்டருக்கு மேல் காற்றை ஏற்றிக்கொண்டு போக எந்த லொறிக்காரனும் வரமாட்டான். மூடியைக் கழற்றி மிதித்துத் தட்டையாக்கிக் கொடுங்கள். கண்ணாடியில் சாராய, பியர் போத்தல்கள் முழுதாகத் திரும்பும். உடைந்த கண்ணாடிக்கு இங்கே விலை கிட்டத்தட்ட இல்லை.

யோகட் கப்பை யாரும் கேட்கமாட்டார்கள். சாஷேயும் பிஸ்கட் உறையும் அப்படியே: பிளாஸ்டிக்கும் அலுமினியமும் ஒட்டிய பல அடுக்கு, பிரிக்க வழியில்லை. உணவும் மருந்தும் தவிர்ந்த சின்ன சாஷேக்களை (20 கிராம் வரை) 2021இல் தடை செய்தார்கள். சேர்த்து வைப்பதானால் கூரைக்குள் வையுங்கள், கவிழ்த்து வையுங்கள். 2017இல் கிண்ணியாவில் டெங்கு எப்படி ஆடியது என்று மறக்க முடியாது. நுளம்பு பெருக மழைத்தண்ணீர் தேங்கிய ஒரு கப் போதும்.

பெரிய இயந்திரம்

குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கலாமே என்று எந்தக் கூட்டத்திலும் ஒருவர் எழும்பிக் கேட்பார். கொழும்புப் பக்கம் கெரவலப்பிட்டியில் 2021 முதல் ஓடும் நிலையம் நாளுக்கு 700 தொன் அளவு எரித்து 10 மெகாவாட் தருகிறது. திருகோணமலை நகரில் ஒரு இலட்சம் பேர், தலைக்கு அரைக் கிலோ என்று வைத்தாலும் 50 தொன்தான் வரும். அதிலும் பாதிக்கு மேல் ஈரம். மீன் செதிளை எரிக்கும் சூடு அதிலிருக்கும் தண்ணீரைக் காயவைக்கவே போய்விடும். அதே பணத்தில் ஈரத்துக்கு ஒரு நாள், காய்ந்ததுக்கு ஒரு நாள் என்று வண்டி விடலாம், சபையே பெரிய அளவில் கொம்போஸ்ட் போடலாம். ஒரு நிபந்தனை: வாசலில் பிரிக்காமல் வந்த குப்பையில் போட்ட கொம்போஸ்ட்டில் கண்ணாடித் துண்டும் லஞ்ச்சீட் கிழிசலும் இருக்கும், கந்தளாய் விவசாயி அதைத் தொடமாட்டார்.

ஆக வண்டிக்கு மிஞ்சுவது பம்பர்ஸ், சாஷே, உடைந்த பீங்கான் போன்றவை. முன்பு நாளுக்கு ஒரு பை என்றால் இப்போது வாரத்துக்கு ஒன்று. பற்றரி, பழைய மின்குமிழ் ரெண்டையும் அதில் போடாமல் தனி டின்னில் சேருங்கள். பீப்பா தொடங்க நல்ல காலம் கச்சான் மாதங்கள். அப்போதே சருகை நாலைந்து சாக்கில் கட்டி நனையாத இடத்தில் வைத்தால், கார்த்திகையில் மழை விடாமல் பெய்யும்போது ஈரத்துக்குப் போடக் காய்ந்தது தேடி அலைய வேண்டியிருக்காது.