கையடக்க ஆர்எஃப் டிடெக்டர்: பேசுகிற போன் மாட்டும், சும்மா கிடக்கிற போன்?

தேர்வு ஹாலில் பிள்ளைகள் ஒளித்து வைத்திருக்கும் போனை ஆர்எஃப் டிடெக்டர், அதாவது ரேடியோ அலையை உணரும் கருவி, கண்டுபிடிக்குமா என்று பயிற்சி மையம் நடத்தும் நண்பர்கள் அடிக்கடி கேட்கிறார்கள், அதனால் எழுதுகிறேன். ஆன்லைனில் இரண்டாயிரம் மூவாயிரத்துக்கு விற்கிறதே, ஆன்டெனா வைத்த டிடெக்டர், அதைத்தான் எங்கள் மாதிரித் தேர்வுகளில் பயன்படுத்துகிறோம். பிராண்ட் பெயர் வேண்டாம், ஒரே சரக்குதான் பல ஸ்டிக்கரில் வருகிறது.

பேசிக்கொண்டிருக்கும் போனை நன்றாகவே பிடிக்கிறது. பழைய 2ஜி பட்டன் போன் என்றால் 900 மெகாஹெர்ட்ஸில் 2 வாட் வரை போகும், ஸ்பீக்கர் பக்கத்தில் வைத்தால் 'டிர்ர் டிட் டிட்' என்று கேட்குமே அதே துடிப்புதான், அடுத்த பெஞ்சிலிருந்தே கருவியின் விளக்குகள் ஏறிவிடும். 4ஜி போன் பெரும்பாலும் 0.2 வாட்டோடு நின்றுவிடும். அதிலும் டவர் பக்கத்தில் இருந்தால் இன்னும் குறைத்துக்கொள்ளும். ஆக, சிக்னல் அருமையாக இருக்கிற ஹாலில்தான் கருவி திணறுகிறது; சிக்னல் மங்கலான கீழ்த்தள அறையில் போன் முழு பலத்தோடு அனுப்புவதால் சுலபமாக மாட்டுகிறது. அட்டைப்பெட்டியில் இதையெல்லாம் போட மாட்டார்கள்.

சும்மா கிடக்கிற போன்தான் பிரச்சினை. அது டவர் சொல்வதைக் கேட்டுக்கொண்டு மட்டுமே இருக்கும். எப்போதாவது "இங்கேதான் இருக்கிறேன்" என்று தகவல் அனுப்பும், 4ஜியில் அதற்கான வழக்கமான இடைவெளி 54 நிமிடம், நெட்வொர்க் அதை மாற்றியும் வைக்கலாம். அந்த நொடியில் நீங்கள் பக்கத்தில் இல்லையென்றால் போச்சு. டேட்டா ஆனில் இருந்தால் வாட்ஸப் வகையறா அடிக்கடி எதையாவது அனுப்பும், அப்போது மாட்ட வாய்ப்புண்டு. ஏரோப்ளேன் மோடில் வைத்தாலோ அணைத்துவிட்டாலோ ஒன்றும் தெரியாது. "ஆஃப் செய்த போனையும் கண்டுபிடிக்கும்" என்று விற்பனைப் பக்கத்தில் எழுதியிருப்பது சுத்தப் பொய்.

அணைத்த போனைக் கண்டுபிடிப்பது நான்லீனியர் ஜங்ஷன் டிடெக்டர் என்ற வேறு கருவி. அதுவே அலையை அனுப்பி, போனுக்குள் இருக்கும் செமிகண்டக்டரில் பட்டு இரட்டிப்பு, மும்மடங்கு அதிர்வெண்ணில் திரும்புவதைப் பார்க்கும். விலை லட்சக்கணக்கில், நமக்கு எதற்கு. போன் சிக்னலையே முடக்கும் ஜாமர் யோசனையும் வேண்டாம், அனுமதியில்லாமல் தனியார் வைத்தால் சட்டப்படி குற்றம்.

இன்னொரு தலைவலி, நம் ஆர்எஃப் டிடெக்டருக்கு வைஃபை, ப்ளூடூத், போன் எல்லாம் ஒன்றுதான். ரவுட்டரை அணைத்து, மேற்பார்வையாளர்களின் போனையும் வெளியே வைத்துவிட்டு, உணர்திறன் குமிழைக் குறைத்துக்கொண்டு வரிசை வரிசையாக நடந்தால்தான் உருப்படியாக வேலை செய்கிறது.

வாசலில் சோதிக்கச் சாதாரண மெட்டல் டிடெக்டர் போதும், அணைத்த போனும் அதில் மாட்டும். அதை வாங்கிய பிறகு பணம் மிச்சமிருந்தால் இதை வாங்குங்கள். வைப்ரேஷன் உள்ள மாடலாகப் பாருங்கள், பீப் சத்தத்தில் எழுதுகிற பிள்ளைகள் எல்லோரும் தலை நிமிர்ந்து பார்க்கிறார்கள்.